பாதி ஸ்டெப்னி

சபையாருக்கு ஹெலன் எழுதுகிறேன். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருகிற ஹெலன். ஒரு கார் டயருக்காக அழுது ஜெபித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டீர்கள். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது.

போன வருடம் ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. பல் துலக்கப் போன என் வீட்டுக்காரர் ஆல்பர்ட் பிரஷ்ஷைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம் என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உயிரோடு திருப்பிக் கொடுத்த ஆண்டவருக்கு அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆனால் வீட்டுக்கு வந்தவர் என் ஆல்பர்ட்டாக இல்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூப்பிட்டால் "ம்" என்பார். அவ்வளவுதான். இடது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவேன். விட்டால் மறுபடி மடங்கிக்கொள்ளும்.

மேற்குத் தாம்பரத்தில் பிசியோதெரபி கொடுக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். கம்பியைப் பிடித்து நடக்கிற பயிற்சியும் கைக்கான மெஷினும் அங்கேதான் உண்டு. "முதல் மூணு மாசம்தான் ரொம்ப முக்கியம்மா. அதுக்குள்ள கையைத் திறக்க வெச்சுடணும். விட்டுட்டா அப்படியே இறுகிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்கு அந்த மூன்று மாதம்தான் கணக்கு.

இரண்டு முறை ஆட்டோவில் போய் வந்தோம். மூன்றாம் முறை இறங்கும்போது அவர் கால் தடுக்கி, ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்தில் முட்டி போட்டு விழுந்தார். நான்கு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். அதில் டை கட்டிய ஒருவர் குனிந்து பார்த்து, "ஐயோ, ஆல்பர்ட் அங்கிள்! என்னைத் தெரியலயா? உங்க வேன்லதான் ஸ்கூலுக்குப் போனேன்" என்றார். முட்டியில் பட்ட அடியை விட அதுதான் அவருக்கு வலித்தது. அன்றோடு ஆட்டோ வேண்டாம் என்றுவிட்டார். போனில் கூப்பிட்ட டாக்சிக்காரர்களோ, கிட்டத்தில் போகிற சவாரி, ஆளைத் தூக்கி ஏற்ற வேண்டும் என்றதும் கேன்சல் செய்தார்கள்.

எங்கள் மகன் ரூபன் புனேயில் இருக்கிறான். "அம்மா, உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியுமே" என்று ஒரு புதுக் கார் வாங்கி அனுப்பினான். ஆமாம், எனக்கு ஓட்டத் தெரியும். ஐம்பதாவது வயதில் வண்டலூர் பக்கத்து காலி ரோடுகளில் ஆல்பர்ட்டே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது. நான் கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். "ஜெபம் பண்றீங்களா?" என்று கேட்டால், "இல்ல, சத்தத்தை வெச்சே தெரிஞ்சுக்கறேன்" என்பார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கார் வந்தது. ஆயர் வந்திருந்தார். ஆல்பர்ட்டைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து கேட்டருகே நாற்காலியில் உட்கார வைத்தோம். ஆயர் கார் மேல் கை வைத்து ஜெபிக்கக் கண்ணை மூடப் போனார். அதற்குள் இவர், "டிக்கியைத் திற" என்றார். திறந்தேன். "பாயைத் தூக்கு" என்றார். தூக்கினேன். ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தெர்மாகோல் தட்டு. அதில் ஒரு சின்ன பம்பும் ஒரு பாட்டிலும் இருந்தன.

"ஸ்டெப்னி எங்க?"

வண்டியைக் கொண்டுவந்த ஷோரூம்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். "இந்த மாடலுக்கு ஸ்டெப்னி வராது சார். பஞ்சர் கிட் குடுத்திருக்கோம். இந்த மருந்தை உள்ள ஏத்திட்டு காத்து அடிச்சா போதும்."

இருமல் மருந்தைப் பார்க்கிற மாதிரி இவர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். "பக்கவாட்டுல கிழிஞ்சா?" என்று கேட்டார். ஷோரூம்காரர் பாட்டிலின் லேபிளைப் படிக்க ஆரம்பித்தார். "ஸ்டெப்னி இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன். ஹெலன், என்னை உள்ள கூட்டிட்டுப் போ." ஆயரின் கை அப்போதும் கார் மேலேயே இருந்தது.

பார்க்கிறவர்களுக்கு இது வீம்பு. வண்டியில் ஐந்தாவதாக ஒரு சக்கரம் இல்லை என்பதற்காகக் கைகால் வராமல் போகட்டும் என்று ஒருவர் உட்காருவாரா என்று கேட்பார்கள். எனக்கும் ஆத்திரம் வந்தது. அன்று ராத்திரி சமைக்கவே இல்லை. ஆனால் எனக்கு அவரைத் தெரியும்.

இருபத்தாறு வருடம் அவர் ஸ்கூல் வேன் ஓட்டினார். ஊரப்பாக்கத்தில் ஏற்றி, பெருங்களத்தூரில் ஏற்றி, தாம்பரத்தில் கொண்டுபோய் இறக்குவார். ஒரு பிள்ளையாவது அவரால் ஒரு நாளாவது தாமதமாகப் போனதில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். நான்தான் சொல்லிக்கொண்டு திரிவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு எல்லோர் வீட்டிலும் தூங்குவார்கள். எங்கள் வீட்டில் வாசலில் சாக்கு விரிப்பார். வேனுக்கு அடியிலிருந்து ஸ்டெப்னியை இறக்கி, குளிப்பாட்டுவது போலக் கழுவித் துடைப்பார். காற்று பார்க்கிற மீட்டரை அவர் நம்பியதே கிடையாது. இடது உள்ளங்கையின் அடியையும் கட்டைவிரலையும் டயரில் வைத்து அமுக்குவார். வலது கையில் துடைக்கிற துணி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பர் சொல்வார். முடிச்சூர் ரோடு பஞ்சர் கடைக்காரர் பந்தயம் வைத்து மீட்டரில் பார்த்துத் தோற்றிருக்கிறார். நான் படியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். ரூபன் மூன்று சக்கர சைக்கிளில் எங்களைச் சுற்றிச் சுற்றி வருவான். ஈர ரப்பர் வாசனையும் பூண்டு வாசனையும் சேர்ந்து வரும். அந்த மத்தியானங்களில் ரொம்ப சந்தோஷமாக இருந்திருக்கிறோம். அப்போது அது தெரியவில்லை. வெயில் அடிக்கிறதே, உள்ளே வாருங்கள் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு முறை அரையாண்டுப் பரீட்சை நாளன்று கொட்டுகிற மழையில், இரும்புலியூர் பக்கம் வேன் டயர் போய்விட்டது. உள்ளே பதினாலு பிள்ளைகள். "எல்லாரும் சத்தமா ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க. ஆயிரம் வர்றதுக்குள்ள கிளம்பிடலாம்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாராம். எண்ணூற்றுச் சொச்சத்தில் வண்டி கிளம்பிவிட்டதாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா மார்க்கெட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அப்படிப்பட்ட மனுஷன் ஸ்டெப்னி இல்லாத வண்டியில் ஏற மாட்டேன் என்றால், வீம்புக்காகச் சொல்லவில்லை. எல்லாம் விழுந்துபோன பிறகு அவரிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு கொள்கைதான். அதையும் நான் பிடுங்க முடியுமா?

ஆகவே தேட ஆரம்பித்தேன்.

ஷோரூமில் கேட்டேன். "தனியா ஆர்டர் போடலாம் மேடம். எப்ப வரும்னுதான் சொல்ல முடியாது" என்றார்கள். போட்டு வைத்தேன். முடிச்சூர் ரோட்டில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். "டயர் எவ்ளோ வேணாலும் தரேன் மேடம். அதை மாட்டறதுக்கு இரும்பு வீல் வேணுமே, அதுதான் இந்த மாடலுக்குக் கெடைக்கல" என்றார்கள். ஒரு பழைய சாமான் கடையில் ஒரு வீல் கிடைத்தது. நாலு போல்ட்டும் சரியாக வந்தது. குதூகலமாகக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தால் நடு ஓட்டை ஒரு நூல் சின்னது. உட்காரவே இல்லை.

அதைத் தூக்கிக்கொண்டு திருமுடிவாக்கத்துக்குப் போனேன். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவரிடம் கடைந்து பெரிதாக்கித் தரச் சொன்னேன். அவர் வீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைஞ்சு குடுக்கலாம்மா. ஆனா இது உயிர் சமாசாரம். என் கையால இதைச் செஞ்சுட்டு நான் தூங்க முடியாது" என்று கும்பிட்டார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, என் காரின் சக்கரத்தைக் கழற்றி அளந்து, கெட்டி அட்டையில் ஒரு வட்டம் வெட்டிக் கொடுத்தார். "இனிமே எங்க வீல் பாத்தாலும் இந்த அட்டையை நடுவுல வெச்சுப் பாருங்க. ஆடாம உக்காந்துச்சுன்னா கண்ணை மூடிட்டு வாங்குங்க."

அந்த அட்டை வட்டத்தைக் கைப்பையில், வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். செப்டம்பர் முழுக்க எங்கே போனாலும் அது கூடவே வந்தது. எத்தனையோ வீல்களில் வைத்துப் பார்த்தேன். ஒன்று உள்ளே போகாது, இல்லாவிட்டால் தொளதொளவென்று விழும். வீட்டில் அவர் விரல்கள் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வந்தன. மூன்று மாதத்தில் இரண்டரை மாதம் போய்விட்டது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து விண்ணப்பம் சொல்வீர்கள். ஒருவருக்குப் புற்றுநோய், ஒருவர் மகளுக்குக் கல்யாணம் தட்டிப் போகிறது, ஒருவர் மகனுக்கு வேலை இல்லை. அந்த வரிசையில் எழுந்து "எனக்கு ஒரு டயர் வேண்டும்" என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. "என் கணவர் சுகத்துக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். உங்களிடம் மறைத்தேன். ஆண்டவரிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அடுப்படியில் இட்லி வேகும்போது நின்றபடியே சொல்வேன். "ஆண்டவரே, பதினாலு இஞ்ச். நாலு போல்ட். நடு ஓட்டையை மறந்துவிடாதேயும்." ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வெடித்துவிட்டது. "எனக்கு டயர் வேண்டாம் ஆண்டவரே, என் ஆல்பர்ட்டைத் திருப்பித் தாரும்" என்று கதறினேன். இட்லிப் பானையில் தண்ணீர் வற்றி அடி தீய்ந்ததுகூடத் தெரியவில்லை.

அக்டோபர் மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது. நம் சபையில் அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வாழைத்தார், தேங்காய், கேக், சேவல், வீட்டில் தைத்த தலையணை உறை என்று அவரவர் விளைவில், உழைப்பில் ஒன்றைப் பேர் சொல்லாமல் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் பந்தல் போட்டு அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். அக்கம்பக்கத்துக்காரர்களும் வந்து கேட்பார்கள். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு "சபைக்கே" என்று சொன்னால், அதே பொருள் மறுபடி ஏலத்துக்குப் போகும். ஒரே பூசணிக்காய் ஐந்து பேர் கை மாறிய வருடங்கள் உண்டு.

அந்தப் பூசணிக்காய் எங்கள் வீட்டுப் பங்கு. கல்யாணமான முதல் வருடத்திலிருந்து ஆல்பர்ட் பூசணிக்காய் ஏலம் எடுப்பார். மைக் நீட்டியதும் "சபைக்கே!" என்று கத்துவார். எல்லோரும் கை தட்டுவார்கள். ரூபன் பிறந்தபின் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு கத்துவார். கடைசிப் பத்து வருடமாக அவர் ஏலம் கேட்பார், "சபைக்கே" சொல்வது நான். அந்த வருடம் அவர் இல்லாமல் தனியாக வந்து நின்றேன்.

செயலர் பொன்ராஜ் அண்ணன் சேவலை முடித்துவிட்டு மைக்கில் சொன்னார். "அடுத்ததா ஒரு விசேஷமான காணிக்கை. யாரோ கார் வீலைப் புதுசா மாத்திட்டு, கழட்டினதுல ஒண்ணைக் கர்த்தருக்குன்னு வெச்சிருக்காங்க. டயரோட இருக்கு. ஆடாது, கூவாது, அழுகாது. கேளுங்க, கேளுங்க!"

வாழைத்தாருக்கும் முட்டைக்கூடைக்கும் நடுவில் அது சாய்ந்து நின்றது. கிட்டே போய் டயர் மேல் இருந்த அளவு எழுத்தை மூன்று முறை படித்தேன். என் போன் நம்பரைவிட நன்றாக மனப்பாடமான எழுத்து அது. கைப்பையிலிருந்து அட்டை வட்டத்தை எடுத்து நடுவில் வைத்தேன். ஆடாமல், அசையாமல், கச்சிதமாக உட்கார்ந்தது. கையை எடுத்துவிட்டேன். அப்போதும் உட்கார்ந்திருந்தது.

நான் கேட்டேன். யாரோ கூட்டிக் கேட்டார்கள். நான் இன்னும் கூட்டினேன். கையில் கொண்டுபோனது முழுவதையும் சொல்லிவிட்டேன். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! ஹெலன் அக்காவுக்கு!" பொன்ராஜ் அண்ணன் ஒவ்வொரு வருடமும் செய்வது போலவே மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "அக்கா என்ன சொல்றாங்கன்னா..."

என் வாய் சொன்னது. "சபைக்கே!"

முப்பது வருடம் கேட்டு, பத்து வருடம் சொன்ன பழக்கம். மனசு சொல்வதற்குள் நாக்கு சொல்லிவிட்டது. எல்லோரும் கை தட்டினீர்கள். பின்னாலிருந்து யாரோ அல்லேலூயா என்றார்கள். "இல்லை, இல்லை, எனக்கு வேண்டும்" என்று கத்த வாயெடுத்தேன். கர்த்தருக்குக் கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? மறுபடி ஏலம் கேட்கக் கையில் ஒன்றும் இல்லை. கண் முன்னாலேயே ஏலம் மறுபடி ஆரம்பித்து மறுபடி முடிந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வீலைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனார். விருந்துச் சாப்பாடு பரிமாறினார்கள். நான் உட்காராமலேயே கிளம்பிவிட்டேன்.

தெருவெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை உட்கார்ந்தது, ஏலம் கேட்டது, மைக் வந்தது, வாய் சொன்னது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். பிடித்துத் திருப்பினால் சிரிக்கிறார். வாய் கோணிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்டச் சிரிக்கிறார். "சபைக்கேன்னு சொன்னியா? டயரையா? அடிப்பாவி!" ஜூலைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்ததும், "யார் எடுத்தது?" என்று கேட்டார்.

"யாரோ டிரைவர் மாதிரி இருந்தது."

"போய்ப் பாத்துட்டு வா. வெயில்ல சாத்தி வெச்சிருக்கப் போறான். ரப்பர் போயிடும்."

அதுதான் ஆல்பர்ட். தனக்குக் கிடைக்காத டயருக்கும் கவலைப்படுவார்.

மறுநாள் பொன்ராஜ் அண்ணனிடம் விசாரித்தேன். ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டைச் சொன்னார். போனேன். வாசலில் மஞ்சள் போர்டு போட்ட டாக்சி நின்றது, எங்கள் காரின் அதே மாடல். அவர் பெயர் கோபி. மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வீல் சுவரில், நல்ல வெயிலில் சாய்ந்திருந்தது.

"இன்னாக்கா, நேத்து ஏலம் எட்த்து திருப்பிக் குட்தது நீங்கதான? இன்னா பெரிய மன்சுடா இவங்களுக்குன்னு என் வூட்ல கூட சொல்லிகினு இருந்தேன்" என்றார்.

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "டயர் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரச் சொன்னார் என் வீட்டுக்காரர். வெயில்ல வைக்க வேணாம்னு சொல்லச் சொன்னார்" என்றேன்.

"நம்ம வண்டியும் ஸ்டெப்னி இல்லாம வித்ததுதான்க்கா. மதுராந்தகம் தாண்டி ஒருவாட்டி டயர் கிழிஞ்சி, கொளுத்தற வெயில்ல நாலு மணி நேரம் நின்னுகினு இருந்தேன். அன்னிக்கி இவளுக்கு வலி வந்துச்சி. நான் இல்ல. கொளந்த பொறந்தப்புறம்தான் போய்ச் சேந்தேன். ஏலத்துல வீல் கீதுன்னு கேட்டதும் ஓடியாந்துட்டேன்."

இதற்கு மேல் நான் என்ன கேட்பது? அவருக்கும் அது உயிர் சமாசாரம்தான். கிளம்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. "அண்ணனுக்கு இன்னா வேல? டயர் வெவரம்லாம் தெரிஞ்சவரா?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். சபையில் மூன்று மாதமாகச் சொல்லாததையெல்லாம் முன்பின் தெரியாத அந்த வாசலில் நின்று கொட்டிவிட்டேன். கோபி உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தார். பிறகு வீலைத் தூக்கி டாக்சியில் போட்டார். "ஏறுங்கக்கா" என்றார்.

வீட்டுக்குள் கட்டில் வரைக்கும் அதை உருட்டிக்கொண்டு வந்தார். "அண்ணா, இத்த கொஞ்சம் பாத்து சொல்லுங்க. எனக்கு அவ்ளோ வெவரம் பத்தாது."

ஆல்பர்ட் சுவரை விட்டுத் திரும்பினார். எழுப்பி உட்கார வைக்கச் சொன்னார். வலது கையால் இடது கையைத் தூக்கி, மடங்கிய விரல்களோடு டயர் மேல் வைத்தார். அமுக்கப் பார்த்தார். வரவில்லை. மறுபடி பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அப்புறம் வலது கட்டைவிரலால் அமுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். "இருபத்திரெண்டு இருக்கும். பத்தாது. முப்பது வேணும். வெயில்ல வெச்சியா?"

"வெச்சிட்டேன் அண்ணா."

"இனிமே வெக்காத."

கோபி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "அண்ணா, ஒண்ணு பண்லாமா? செவ்வா, வெசாலன், சனி எனக்கு லோக்கல் சவாரிதான். வழியெல்லாம் பஞ்சர் கடைங்கோ. அந்த மூணு நாளும் ஸ்டெப்னி உங்களாண்ட இருக்கட்டும். மத்த நாள் நான் வெளியூர் போவேன், எனக்கு வோணும். ஆனா ஒண்ணு, என்னாண்ட குடுக்கறப்ப நீங்க பாத்துதான் குடுக்கணும்."

பிசியோதெரபி நாட்கள் என்னென்ன என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. செவ்வாய், வியாழன், சனி. அதே மூன்று நாட்கள்தான்.

அடுத்த நாளே செவ்வாய்க்கிழமை. டிக்கியில் பழைய ஜமுக்காளம் விரித்து வீலை வைத்துக் கயிற்றால் கட்டினோம். ஆல்பர்ட் இழுத்துப் பார்த்துவிட்டு, "ம், போலாம்" என்றார். ஜிஎஸ்டி ரோட்டில் நான் ஓட்ட, பக்கத்தில் அவர். பெருங்களத்தூரில் நெரிசலில் நின்றபோது, "இங்கதான் அஞ்சு பேர் ஏறுவாங்க. ஒருத்தன் தெனம் ஷூ லேஸ் கட்டாம வருவான். நான்தான் கட்டிவிடுவேன்" என்றார். தாம்பரம் போய்ச் சேரும் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். நான் கண்ணைத் துடைக்கக் கை எடுக்கும்போதெல்லாம், "ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல" என்றார்.

மூன்று மாதம் முடியக் கொஞ்ச நாளே இருந்தது. பிசியோ அம்மா உதட்டைப் பிதுக்கினார். "ரொம்ப விட்டுட்டீங்களே" என்றார். ஆனால் நாங்கள் விடவில்லை. வீட்டில் அவருக்கு ஒரு வேலை வந்துவிட்டதே. கோபி வருவதற்கு முன்னால் டயர் பார்த்து வைக்க வேண்டும். காலையில் ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம், இடது கையை டயரில் வைத்து அமுக்குவார். டயர் இல்லாத நாட்களில் தலையணையை அமுக்குவார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுட்டுவிரல் திறந்தது. பொங்கல் சமயத்தில் இன்னும் இரண்டு. பிசியோ அம்மா ஆச்சரியப்பட்டு, "வீட்டுல என்ன எக்சர்சைஸ் பண்றீங்க சார்?" என்று கேட்டார். "டயர் அமுக்கறேன்" என்றார் இவர். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம். கோபி வீலை எடுத்துப்போக வந்திருந்தார். ஆல்பர்ட் தன் இடது உள்ளங்கையையும் கட்டைவிரலையும் டயரில் வைத்தார். வலது கை உதவவில்லை, அதில் துடைக்கிற துணி இருந்தது. அமுக்கினார். கண்ணை மூடினார். "முப்பது" என்றார்.

கோபி ஓடிப்போய் டாக்சியிலிருந்து மீட்டர் எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். "முப்பத்தொண்ணு காட்டுது அண்ணா."

"மீட்டர்ல கோளாறு. மாத்திடு."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இட்லிப் பானைக்கு முன்னால் நின்று, வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். நான் கேட்டது ஒரு முழு ஸ்டெப்னி. எனக்கென்று, என் டிக்கியில், எப்போதும் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அப்படிக் கிடைத்திருந்தால் அது பாயடியில் கிடந்திருக்கும். ஆல்பர்ட் அதைத் தொட்டே இருக்க மாட்டார். ஆண்டவர் பாதி ஸ்டெப்னிதான் கொடுத்தார். மீதிப் பாதிக்காக ஒருவர் வாரம் மூன்று முறை வாசலில் வந்து "அண்ணா" என்று கூப்பிட்டார். அடுப்படியில் நான் கதறிய அன்று கேட்டது டயர் இல்லையே, என் ஆல்பர்ட்டைத்தானே கேட்டேன்.

இன்று அவர் கம்பு ஊன்றி நடந்து ஆலயத்துக்கு வருகிறார். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பார்க்கிறீர்கள். நானும் மாறிவிட்டேன். புதன்கிழமை எழுந்து எதையும் கேட்கிறேன். போன வாரம் கிரைண்டர் பெல்ட்டுக்காகக் கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டு ஜெபித்தீர்கள்.

பத்து நாளைக்கு முன்னால் ஷோரூமிலிருந்து போன் வந்தது. "மேடம், நீங்க ஆர்டர் போட்ட வீல் வந்துடுச்சு." நான் மறந்தே போயிருந்தேன். கொண்டுவந்து டயர் மாட்டி, அட்டை வட்டத்தை நடுவில் வைத்துப் பார்த்தேன். கச்சிதம். "கோபிக்கே அந்த வீலை முழுசாக் குடுத்துடலாமா? நமக்கு இது இருக்கே" என்று கேட்டேன். அவர் யோசித்தார். "அவன் வேணாம்னுதான் சொல்லுவான். குடுத்துட்டா அப்புறம் எதுக்கு இங்க வருவான்?" என்றார். அப்புறம் புது வீலைப் பார்த்துக்கொண்டே, "ஸ்டெப்னி இல்லாம இந்த வண்டியை வாங்கினவன் இன்னும் எவனோ இருப்பான் ஹெலன்" என்றார்.

ஆகவே அன்பானவர்களே, யாரிடமும் சொல்ல வெட்கமான ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அதை அளவோடு, நடு ஓட்டையோடு ஆண்டவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு அறுப்பின் பண்டிகை. காணிக்கை நேரத்தில் வீட்டுக்காரர் அந்த வீலைத் தன் கையாலேயே பீடம் வரைக்கும் உருட்டிக்கொண்டு வருவார். தயவுசெய்து யாரும் எழுந்து உதவாதீர்கள். மெதுவாகத்தான் வருவார், பாட்டில் இரண்டு சரணம் கூடுதலாகப் பாடிக்கொள்ளுங்கள். பிறகு ஏலத்துக்கு வாருங்கள். யாருக்குத் தேவையோ அவர் கேட்டு எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். பொன்ராஜ் அண்ணன் மைக்கை நீட்டினால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.